கடதாசி ஆலைக்குக் கீழே இருக்கும் மண்

 

வாழைச்சேனை கடதாசி ஆலையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள்தான் எழும். எப்போது முழுமையாக ஓடும்? எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அந்த வளவின் மண்ணையும் பக்கத்து வாவியையும் பரிசோதித்துச் சுத்தம் செய்வது யார்? அது யாருடைய காசில் நடக்க வேண்டும்? பதில் ஆலையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

சுதந்திரத்தை அடுத்து ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை கடதாசி ஆகிய மூன்று ஆலைகளோடும் அவர் பெயர் சேர்ந்தே பேசப்படும். நமது ஆலை 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. மூலப்பொருள் இலுக்குப் புல்லும் வைக்கோலும். வயலில் எரிந்துபோகும் வைக்கோல் பிள்ளைகளின் கொப்பியாக மாறியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். பல குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில்தான் தலையெடுத்தன. இந்த நன்மையை மறக்கக் கூடாது.

கூழ் எப்படி உண்டாகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் அவித்தால் நார் பிரியும், கறுப்புக் கழிவுத் திரவம் மிஞ்சும். மரக்கூழ் ஆலைகள் அந்தத் திரவத்தை எரித்துச் சோடாவைத் திரும்ப எடுப்பார்கள். வைக்கோலில் சிலிக்கா கூடுதலாக இருப்பதால் அது கடினம், செலவும் அதிகம். அதனால் உலகின் பல இடங்களில் வைக்கோல் ஆலைகள் கழிவைப் பக்கத்து நீரிலேயே விட்டன. நமது ஆலையின் கழிவுநீரும் வாவிக்குத்தான் போனது. தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது 1980இல். அதற்குள் ஆலை கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

பிறகு யுத்தம் வந்தது. உற்பத்தி விழுந்தது, இயந்திரங்கள் துருப்பிடித்தன. சமாதானம் வந்த பின் ஆலையைத் திரும்ப இயக்குவோம் என்ற வாக்குறுதியை ஒன்றுக்கு மேற்பட்ட அரசாங்கங்களிடம் கேட்டுவிட்டோம். பேச்செல்லாம் இயந்திரத்தைப் பற்றியே இருந்தது, மண்ணைப் பற்றி இருக்கவில்லை.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு போபால் சாட்சி. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த அந்தத் தொழிற்சாலையில் கிடந்த 337 தொன் நச்சுக் கழிவு அங்கிருந்து வெளியேறியது 2025 ஜனவரியில்தான். 40 வருடம்! செலவுக்கு இந்திய மத்திய அரசு 126 கோடி ரூபாய் ஒதுக்கியது. அகற்றியதும் மேலே கிடந்த கழிவை மட்டும்தான். மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் அப்படியே. அமெரிக்கா வேறு வழியில் போனது. 1980இல் சட்டம் இயற்றி, இரசாயன, எண்ணெய்க் கம்பெனிகளிடம் வரி எடுத்து, கைவிடப்பட்ட நச்சு நிலங்களைச் சுத்தம் செய்ய ஒரு நிதியமே உண்டாக்கியது. மாசுபடுத்தியவனே செலவைக் கொடு என்பதுதான் அதன் அடிப்படை.

இந்த நியாயத்தை வாழைச்சேனைக்குப் பொருத்திப் பாருங்கள். இங்கே ஓடிப்போன முதலாளி எவரும் இல்லை. ஆலை ஆரம்பம் முதல் அரசின் சொத்து. கட்டியது பொதுப் பணம், இலாபமும் நட்டமும் அரசுடையவை. ஆகவே கழிவும் அரசின் பொறுப்பு. சுத்தம் செய்வதற்கு அரசிடம் பணம் கேட்பது சலுகை கேட்பதல்ல, பழைய கடனைக் கேட்பது. பொதுப் பணம் ஓர் அமானிதம் என்றால், பொது மண்ணும் வாவியும் அமானிதம்தான்.

மண் கெட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியது ஆய்வுகூடம். ஆலை ஓடினாலும், அந்த இடத்தில் வேறு தொழிற்பேட்டை வந்தாலும், நாம் முதலில் கேட்க வேண்டியவை மூன்று:

1. ஆலை வளவின் மண், சுற்றுக் கிணறுகள், வாவியின் அடிச்சேறு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும்.

2. முடிவைத் தமிழில் எழுதி, பிரதேச செயலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும்.

3. சுத்தம் செய்யும் செலவை, இயந்திரச் செலவோடு கலக்காமல், திட்டத்தில் தனி வரியாகக் காட்ட வேண்டும்.

வாவியில் தோணி விடுபவர் தமிழரா முஸ்லிமா என்று மீன் பார்ப்பதில்லை. பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து ஒரே கடிதமாக இதை எழுதினால் அதற்கு ஒரு கனம் இருக்கும். ஆலையில் வேலை செய்த பெரியவர்கள் எந்தக் கழிவு எந்தப் பக்கம் போனது, எங்கே கொட்டினார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். பரிசோதிக்க வருபவர்கள் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டக்கூடியவர்கள் நீங்கள்தான்.