தாராபுரத்து அடுப்பில் போர்க் சாப்ஸ்: கொஞ்சம் வரலாறு

பன்றிக்கறி வேக எவ்வளவு நேரமாகும்? கொங்குப் பக்கம் யாரைக் கேட்டாலும் குக்கரில் ஆறு விசில், ஏழு விசில் என்பார்கள். குக்கர் வராத காலத்தில் விறகடுப்பில் ஒரு மதியமே போய்விடும். அதனால் அது ஞாயிற்றுக்கிழமைக் கறி. ஆனால் அதே பன்றியின் முதுகுப் பக்கத்தில் எலும்போடு ஒரு விரல் கனத்துக்கு வெட்டிய துண்டு, அதாவது சாப்ஸ், தோசைக்கல்லில் கால் மணி நேரத்தில் தயார். பனியன் கம்பெனி வேலை முடிந்து ஏழு மணிக்குத் தாராபுரம் திரும்புகிறவர் ஏழரைக்குத் தட்டில் போட்டுச் சாப்பிடலாம்.

ஒரே மிருகம், ஏன் இத்தனை வித்தியாசம்? பாதி விடை சுலபம். முதுகுத் தசை அதிகம் உழைக்காத தசை, சீக்கிரம் வேகும். தொடையும் தோளும் நடந்து நடந்து இறுகியவை. அவற்றின் நார் கரைய நேரம் வேண்டும். நம்ம ஊர்க் கறிக்கடையில் தோல், கொழுப்பு, தொடை, விலா எல்லாவற்றையும் கலந்துதான் போடுவார்கள். கடினமான துண்டு வேகும்வரை மெதுவான துண்டும் சட்டியில் கிடந்தாக வேண்டும்!

மீதி விடை வரலாற்றில் இருக்கிறது. அதுதான் சுவாரசியம்.

பன்றி என்றாலே சாக்கடை என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்ட வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, பத்துப்பாட்டில் ஒன்று. அதில் வரும் கள் விற்கும் வீட்டில், ஆண் பன்றியைப் பெண் பன்றியோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல் மாவு கொடுத்துப் பல நாள் கொழுக்க வைக்கிறார்கள். அந்தக் கொழுத்த கறியைக் கள்ளோடு விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். அடைத்து வளர்ப்பது, தானியத் தீனி, நடக்கவிடாமல் இறைச்சியை மென்மையாக்குவது... இன்றைய பண்ணைக்காரர் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

அப்புறம் என்ன ஆயிற்று? 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் தாராபுரம் வந்தார். திப்பு வீழ்ந்த மறு வருடம் அது. கோயமுத்தூர்ச் சீமையின் தென்பகுதிக்கு அப்போது தாராபுரம்தான் தலைமையிடம். (இன்றுவரை ரயில் பார்க்காத ஊருக்கு அந்தக் காலத்தில் இந்தப் பெருமை!) போகிற இடமெல்லாம் எந்தச் சாதியார் எந்தக் கறி சாப்பிடுவார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே போனார். தட்டில் என்ன இருக்கிறது என்பது ஒருவருடைய இடத்தைச் சொல்லும் அடையாளமாக அதற்குள் ஆகியிருந்தது. எடுப்புக் கக்கூஸ் இருந்த ஊர்களில் பன்றி கழிவைத் தின்று வளர்ந்தது. அந்தக் கழிவை அள்ளும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. கழிவின் மீதிருந்த அருவருப்பு பன்றி மீதும், பன்றி வளர்த்தவர் மீதும், தின்றவர் மீதும் சேர்ந்து விழுந்தது.

இதில் மருத்துவ உண்மையும் ஒன்று உண்டு. மனிதக் கழிவிலுள்ள நாடாப்புழு முட்டையைப் பன்றி தின்றால் அதன் தசையில் கட்டிகள் உண்டாகும். வேகாத கறியில் அந்தக் கட்டியைத் தின்பவர் வயிற்றில் புழு வளரும். ஆனால் மூளையில் கட்டி வந்து வலிப்பு உண்டாவது கறியால் அல்ல. கழிவிலிருந்து தண்ணீர், காய்கறி, கை வழியாக வாய்க்குள் போகும் முட்டையால். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாவட்டத்து வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. சுத்த சைவருக்கும் வரும். ஆக, குற்றவாளி கக்கூஸ் இல்லாத ஊர். பழி மட்டும் பன்றிக்கறி தின்பவனுக்கு!

சாப்ஸ் என்ற வெட்டு வேறு வழியில் வந்தது. 1862-ல் சென்னையிலிருந்து ரயில் பாதை போத்தனூரை எட்டியது. கூடவே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ரயில்வே காலனிக்கு வந்தன. துண்டு முழுசாக, மிளகும் வெங்காயமும் போட்டு வாணலியில் வறுப்பது அவர்கள் சமையல். மட்டன் சாப்ஸ் என்று இன்று முனியாண்டி விலாஸ் போர்டில் எழுதியிருக்கும் சொல்லும் இங்கிலீஷ் வெட்டிலிருந்து வந்ததுதான்.

வெட்டு வந்தால் போதாது, அதற்கேற்ற பன்றி வேண்டுமே. நாட்டுப் பன்றி சிறியது, முதுகுச் சதை குறைவு. நீண்ட முதுகுள்ள வெள்ளை யார்க்‌ஷயர் இனத்தை 1851-ல் விண்ட்சர் கண்காட்சியில் காட்டிப் புகழ் பெற வைத்தவர் ஒரு நெசவாளி, ஜோசப் டூலி. (தறிக்காரர்கள் ஊரில் இதைக் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும்.) நம்ம பக்கம் அதை ‘வெண்பன்றி’ என்கிறோம். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வெண்பன்றி முக்கால், நாட்டுப் பன்றி கால் என்று கலந்து ஓர் இனத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தாலும் கவர்ச்சியான மிருகம்: சினைக்காலம் 114 நாள், ஒரு ஈற்றுக்கு எட்டு பத்து குட்டி, எட்டு மாதத்துக்குள் விற்பனை. ஆட்டால் முடியுமா?

கடைசியாக அடுப்பு. பருத்திமார் எரிக்கும் அடுப்பில் தீயைச் சட்டென்று கூட்டவோ குறைக்கவோ முடியாது. சாப்ஸுக்கு முதலில் பெரிய தீ, பிறகு சின்னத் தீ வேண்டும். 2007 முதல் அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தபோது ஏழை வீட்டிலும் அந்தக் குமிழ் கைக்கு வந்தது.

செய்முறை சின்னதுதான். உப்பும் மஞ்சளும் தடவி வைத்து, காய்ந்த கல்லில் முதலில் கொழுப்பு ஓரத்தை நிறுத்தி உருக விட வேண்டும். எண்ணெயே தேவைப்படாது. பிறகு பக்கத்துக்கு நாலு நிமிடம். அந்தக் கொழுப்பிலேயே சின்ன வெங்காயம், கிள்ளிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை. அமெரிக்க வேளாண் துறை 2011-ல் முழுத் துண்டுக்கான உள் வெப்பத்தை 71 டிகிரியிலிருந்து 63 ஆகக் குறைத்து, மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும் என்றது. அது அடைத்து வளர்த்து, பரிசோதித்து விற்கும் பன்றிக்கு. எங்கே மேய்ந்தது என்று தெரியாத பன்றி என்றால் இளஞ்சிவப்பு துளியும் இல்லாமல் வேகட்டும். மூடி போட்டு இன்னும் ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.