ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரைக்கும் கவலையில்லை

வங்கியில் கேஷியராக இருந்த காலத்தில் என் கவுண்டருக்கு வந்தவர்களில் யாருமே, "இந்த பேங்க் மூழ்கிப்போனா என் பணம் என்னய்யா ஆகும்?" என்று கேட்டதில்லை. அவர்களுடைய தாத்தாக்கள் கேட்டிருப்பார்கள்.

சென்னையில் அர்பத்நாட் கம்பெனி இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி என்பதே அதற்குப் பெரிய ஜாமீன். பென்ஷன்காரர்கள், வக்கீல்கள், சிறு வியாபாரிகள் என்று பலர் வட்டிக்குப் பணம் போட்டு வைத்திருந்தார்கள். 1906 அக்டோபர் 22ஆம் தேதி கம்பெனி கதவைச் சாத்தியது. லண்டன் கூட்டாளி மெக்ஃபேடியன் அங்கே ரயில் முன் விழுந்து செத்தார். இங்கே சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. சேமிப்பைத் தொலைத்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்? போட்ட பணத்துக்கு உத்தரவாதம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. பணம் போட்டிருந்த இந்தியர்களுக்காக நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று பணம் திரட்டினார். இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று திறந்தது. சுதேசி அலை அடித்த காலம். சரியான நேரத்தில் கிளம்பினார்.

ரிசர்வ் வங்கி 1935இல் வந்தது. அது வந்த பிறகும் வங்கிகள் விழுவது நிற்கவில்லை. திருவிதாங்கூரில் இரண்டு வங்கிகள் 1937இல் ஒன்றாகி 'திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க்' ஆயின. மறு வருஷமே பணம் எடுக்கக் கூட்டம் முட்டியது. ஜூன் மாதம் மூடிவிட்டார்கள். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் பழிவாங்கினார் என்பது வங்கிக்காரர்கள் தரப்பு. கணக்கே கோளாறு என்பது எதிர்த்தரப்பு. அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: வங்கிகளுக்கென்று முழுமையான சட்டம் 1949இல்தான் வந்தது. அதுவரை ரிசர்வ் வங்கியின் கையில் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது.

கூட்டம் முட்டுவது எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். எந்த வங்கி, எந்த ஊர் என்பது வேண்டாம். சந்தை நாள். பதினொரு மணிக்குள் வாசல் வரை ஆட்கள். யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். மேலாளர் சத்தம் போடவில்லை. பெட்டக அறையிலிருந்து கட்டுக்கட்டாக நோட்டை எடுத்து வரச் சொல்லி, என் மேஜையில் எல்லார் கண்ணிலும் படும்படி அடுக்கினார். "மெதுவா எண்ணுங்க, ஆனா நிறுத்தாதீங்க" என்றார். மூட வேண்டிய நேரம் கழிந்தும் கதவு திறந்தே இருந்தது. முன்னால் நின்ற ஒரு பாட்டி அந்த அடுக்கையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு இருக்குதா தம்பி? அப்ப கிடக்கட்டும், திங்கக்கிழமை வாரேன்" என்று பாஸ்புக்கை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் கலைந்தார்கள். எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் கொடுக்கிற அளவுக்கு அந்த அடுக்கில் இல்லை என்பது எனக்கும் மேலாளருக்கும் தெரியும். நூறு ரூபாய் டெபாசிட் வந்தால் கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடனாகவும் அரசுப் பத்திரமாகவும் வெளியே விடுவதுதான் வங்கித் தொழில். நல்ல வங்கியும் வதந்திக்குத் தாங்காது.

பாலா சென்ட்ரல் வங்கி விஷயம் வேறு. அதன் நோய் உள்ளேயே இருந்தது. 1927இல் கேரளத்தின் பாலாவில் தொடங்கி, மாநிலத்தின் பெரிய வங்கியாக வளர்ந்தது. ரப்பரும் மிளகும் விளைகிற ஊர். குடும்பம் குடும்பமாக அதை நம்பியிருந்தார்கள். திரும்பி வராத கடன்கள் கூடிக்கொண்டே போனதை ரிசர்வ் வங்கி சோதனையில் பார்த்து, வருஷக்கணக்கில் எச்சரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் 1960 ஆகஸ்ட் 8 அன்று உயர் நீதிமன்றத்துக்குப் போய் மூடவைத்தது. இவ்வளவு காலம் எச்சரித்துக்கொண்டே இருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எச்சரிக்கை ரிசர்வ் வங்கியின் கோப்பில் கிடந்தது. பணம் போட்டவன் காதுக்கு வரவில்லை.

அந்த அடியில்தான் இரண்டு வேலை நடந்தது. பலவீனமான வங்கிகளைப் பெரிய வங்கிகளோடு கட்டாயமாகச் சேர்க்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்குக் கிடைத்தது. 1951இல் 566 ஆக இருந்த வணிக வங்கிகள், 1969இல் இந்திரா காந்தி பதினான்கு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய நேரத்தில் நூறுக்கும் கீழே வந்துவிட்டன. இன்னொன்று, 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீட்டுக் கழகம். வங்கி மூழ்கினால் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை கழகம் கொடுக்கும். பிரீமியத்தை வங்கியே கட்ட வேண்டும். தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கு வருஷத்துக்கு ஐந்து காசு.

1,500 என்பது அன்றைக்குப் பெரிய தொகை. பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி 1980இல் 30,000, 1993இல் ஒரு லட்சம் ஆக்கினார்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்துக்கு மேல் விலைவாசி எங்கோ போனது, உத்தரவாதம் மட்டும் லட்சத்திலேயே நின்றது. 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி முடங்கி, முதலில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று அறிவித்தபோது நாடே விழித்தது. 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ஆக்கினார்கள்.

அதே வருஷம் நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு விதித்தார்கள். பத்து நாளில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்த்துவிட்டதால் டெபாசிட்காரர்கள் முழுப் பணத்தோடு தப்பித்தார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. இதுவும் முடங்கிய வங்கிதான், ஆனால் பாலாவில் நடந்தது இங்கே நடக்கவில்லை. வரம்பு விதித்தால் தொண்ணூறு நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கைக்கு வர வேண்டும் என்று 2021இல் சட்டத்தையும் திருத்தினார்கள்.

இப்போது பென்ஷன்கார நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பத்து லட்சத்தை எங்கே போடுவது? ஒரே வங்கியின் இரண்டு கிளையில் பிரித்துப் போட்டால் பிரித்ததாகாது. அசலும் வட்டியும் சேர்த்து ஒரே கணக்காக ஐந்து லட்சம்தான். இரண்டு வங்கியில் போடுங்கள். அதற்கு மனசில்லாவிட்டால், கூட்டுக் கணக்கில் ஒன்றுக்கு உங்கள் பெயரை முதலில் போடுங்கள், இன்னொன்றுக்கு வீட்டம்மா பெயரை முதலில் போடுங்கள். பெயர் வரிசை மாறினால் கழகம் அதைத் தனிக் கணக்காகவே எடுத்துக்கொள்ளும்.