ஜைரோபிளேன் விமானி அனுமதிப் பத்திர எழுத்துத் தேர்வு (கனடா)

ஜைரோபிளேன் விமானி அனுமதிப் பத்திர எழுத்துத் தேர்வு என்பது, கனடாவில் ஜைரோபிளேன் எனப்படும் வானூர்தியின் தலைமை விமானியாகப் பறக்க விரும்புவோர் தேர்ச்சி பெறவேண்டிய அறிவுத் தேர்வு ஆகும். கனடாவின் வான்போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நடுவண் அரசுத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடா இத்தேர்வை நடத்துகின்றது. வினாக்கள் யாவும் கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்யும் முறையில் அமைந்தவை. தேர்ச்சிக்கு 60 விழுக்காடு மதிப்பெண் பெறவேண்டும்.

வான்சட்டம், வழிகாண்முறை, வானிலையியல், பொது வானூர்தியியல் ஆகிய நான்கும் தேர்வின் பாடப்பரப்புகளாகும். முதல் மூன்றின் பெரும்பகுதி, தனியார் விமானி உரிமத்துக்குப் படிப்பவர்கள் படிப்பதே. நான்காவதில் அடங்கும் சுழலிக் கோட்பாடு இத்தேர்வுக்கே உரியது. நிலைச்சிறகு விமானத்தை ஓட்டிப் பழகிய பின்னர் இத்தேர்வுக்கு வருவோரும் உளர். அவர்களுக்குக் கடினமாக இருப்பது புதியவற்றைக் கற்பதைவிட, பழைய பழக்கங்களுள் எவை இங்கே பொருந்தா என்பதை அறிந்துகொள்வதே. விமானத்தில் உயிர் காக்கும் சில அசைவுகள் ஜைரோபிளேனில் உயிரைப் பறிக்கக்கூடியவை.

அனுமதிப் பத்திரமும் உரிமமும்

கனடாவில் விமானி உரிமம் வேறு, விமானி அனுமதிப் பத்திரம் வேறு. உரிமம் பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பின் தரத்துக்கு ஏற்ப வழங்கப்படுவது. அனுமதிப் பத்திரம் அத்தரத்துக்கு உட்பட்டதன்று. எனவே அது கனடாவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பிற நாட்டில் பறப்பதற்கு அந்நாட்டின் தனி ஒப்புதல் வேண்டும். ஜைரோபிளேனுக்கு வழங்கப்படுவது அனுமதிப் பத்திரமே. இதைப் பெறக் குறைந்தது 17 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். முதலாம் அல்லது மூன்றாம் வகை மருத்துவச் சான்றிதழும் தேவை.

பயிற்சிக் காலத்தில் ஆசிரியர் உடன் இல்லாமல் தனியே பறப்பதற்கு மாணவ விமானி அனுமதிப் பத்திரம் வேண்டும். இதை 14 வயதிலேயே பெறலாம். இதற்கென பி-ஸ்டார் என அழைக்கப்படும் வேறொரு தேர்வு உண்டு. அது பெரும்பாலும் வான்சட்டத்தையும் பறப்பு நடைமுறைகளையும் பற்றிய 50 வினாக்களைக் கொண்டது. தேர்ச்சிக்கு 90 விழுக்காடு தேவை. இவ்விரு தேர்வுகளையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் உண்டு. பி-ஸ்டார் தேர்ச்சி தனிப் பறப்புக்கான வாயில் மட்டுமே.

சுழலிக் கோட்பாடு

ஜைரோபிளேனும் ஹெலிகாப்டரும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் இயங்கும் முறையில் வேறுபட்டவை. ஹெலிகாப்டரின் சுழலியை இயந்திரம் சுழற்றுகின்றது; காற்று சுழலியின் மேலிருந்து கீழாகத் தள்ளப்படுகின்றது. ஜைரோபிளேனின் இயந்திரம் புரோப்பெல்லரை மட்டுமே இயக்கி ஊர்தியை முன்னோக்கி உந்துகின்றது. பின்புறம் சற்றுச் சாய்ந்துள்ள சுழலித் தட்டின் வழியே காற்று கீழிருந்து மேலாகப் பாய்வதனால் சுழலி தானே சுழல்கின்றது. இதுவே தற்சுழற்சி எனப்படுகின்றது. பறக்கும்போது இயந்திரம் நின்றுபோனாலும் சுழலி நிற்பதில்லை. ஊர்தி கீழிறங்கும்போது எழும் காற்றோட்டமே அதைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

தற்சுழற்சியில் உள்ள அலகு ஒன்றை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டுவது பாடநூல் வழக்கம். நுனிப் பகுதி தூக்குவிசையைத் தந்தாலும் இழுவையினால் சுழற்சியைத் தளர்த்துகின்றது. நடுப்பகுதியில் மொத்த விசை சற்று முன்னோக்கிச் சாய்வதனால் அது சுழற்சியை ஊக்குகின்றது. அச்சை ஒட்டிய உட்பகுதியில் காற்று மோதும் கோணம் மிகுதியாக இருப்பதால் அங்குத் தூக்குவிசை இழப்பு ஏற்படுகின்றது. நுனிப் பகுதியும் உட்பகுதியும் தளர்த்துவதும் நடுப்பகுதி ஊக்குவதும் ஈடாகும் வேகத்தில் சுழலி நிலைகொள்கின்றது. சுமை கூடினால் சுழற்சி வேகமும் கூடும். 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது சுழலி தாங்கவேண்டிய சுமை இரு மடங்காகின்றது. சுழற்சி வேகமும் அதற்கேற்ப உயர்கின்றது. சுமை குறைந்தால் வேகமும் குறையும். இந்தப் பிற்பகுதி நினைவில் நிற்கவேண்டும்.

முன்னோக்கிப் பறக்கும்போது, முன்செல்லும் அலகு பின்செல்லும் அலகைவிட வேகமான காற்றைச் சந்திக்கின்றது. இதனால் ஒரு பக்கத்தில் தூக்குவிசை மிகுந்து ஊர்தி கவிழ முற்படும். எசுப்பானியப் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வாவின் தொடக்ககால ஊர்திகள் இவ்வாறே கவிழ்ந்தன. அலகுகளை மேலும் கீழும் அசையவிடும் கீல்களைப் பொருத்தி அவர் இச்சிக்கலைத் தீர்த்தார்; 1923 சனவரியில் அவருடைய சி.4 மாட்ரிட் அருகே வெற்றிகரமாகப் பறந்தது. அவர் இம்முயற்சியில் இறங்குவதற்குத் தூண்டுதலாக இருந்தது, 1919 இல் அவர் வடிவமைத்த விமானம் ஒன்று தூக்குவிசை இழந்து விழுந்தமையே. 1936 இல் இலண்டனின் குரோய்டன் வானூர்தி நிலையத்தில் பயணிகள் விமானம் ஒன்று விபத்துக்குள்ளானபோது அவர் உயிரிழந்தார். இன்றைய சிறு ஜைரோபிளேன்களில் பொதுவாக ஈரலகுச் சுழலி ஊஞ்சற்பலகைபோல் ஒரே கீலில் ஆடுகின்றது. அடிப்படை ஒன்றே. தேர்வில் தூக்குவிசைச் சமமின்மை, அலகு மேல்கீழாடல், சுழல்பொருளின் மீது செலுத்திய விசை 90 பாகை கடந்து வெளிப்படுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய வினாக்களாக வரக்கூடும் என்பதால், இவற்றைச் சேர்த்தே படிப்பது நன்று.

விமானப் பழக்கம் தரும் ஆபத்துகள்

நிலைச்சிறகு விமானத்தின் மூக்கு எதிர்பாராது உயர்ந்து வேகம் குறையும்போது கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளவேண்டும் என்பது விமானிகளுக்கு முதலில் புகட்டப்படும் பாடம். இதனால் தூக்குவிசை இழப்பிலிருந்து விமானம் மீள்கின்றது. ஜைரோபிளேனில், அதுவும் விரைந்து பறக்கும்போது, கோலைச் சட்டென முன்னே தள்ளினால் நிகழ்வது வேறு. சுழலியின் மீதுள்ள சுமை நீங்குகின்றது. சுமை நீங்கியதும் சுழற்சி வேகம் விழுகின்றது. அதுவரை மேலே பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்த சுழலியின் இழுவையும் மறைகின்றது. புரோப்பெல்லரின் உந்துவிசைக் கோடு ஊர்தியின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே அமைந்திருந்தால், எதிர்ப்பின்றி நிற்கும் அந்த உந்துவிசை மூக்கைக் கீழே சாய்த்து ஊர்தியையே முன்புறமாகப் புரட்டிவிடுகின்றது. வேகம் இழந்து தாழ்ந்த அலகுகள் வாலையோ புரோப்பெல்லரையோ வெட்டுகின்றன. இதிலிருந்து மீளும் வழி இல்லை. உந்துவிசைப் புரட்டல் என இது விளக்கப்படுகின்றது.

இதற்கு முன்னோடியாக அமைவது விமானியால் தூண்டப்படும் ஊசலாட்டம். காற்றின் ஒரு தள்ளலுக்கு விமானி கோலால் எதிர்வினை காட்டுகின்றார். அது ஊர்தியில் சற்றுத் தாமதித்து வெளிப்படுகின்றது. அதற்குள் அவர் எதிர்த்திசையில் திருத்துகின்றார். ஒவ்வொரு திருத்தத்திலும் ஊசல் பெரிதாகின்றது. மீட்பு முறை இயல்பான உந்துதலுக்கு மாறானது: துரத்தித் திருத்துவதை நிறுத்தவேண்டும், இயந்திர வலுவைக் குறைக்கவேண்டும், கோலை மெல்லப் பின்னே இழுத்துச் சுழலியின் மீது சுமையை வைத்திருக்கவேண்டும். இந்த வரிசையை மாணவர் நன்கு பதித்துக்கொள்ளவேண்டும்.

ஐக்கிய இராச்சியத்தின் குடிசார் வான்போக்குவரத்து ஆணையத்துக்காகக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் மேற்கொண்ட ஆய்வுகள், உந்துவிசைக் கோட்டுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையிலான செங்குத்துத் தொலைவே நிலைப்புத்தன்மையில் பெரும்பங்கு வகிக்கின்றது எனக் காட்டின. பின்னர் பிரித்தானிய வடிவமைப்பு விதிகள் அத்தொலைவை 2 அங்குலத்துக்கு மட்டுப்படுத்தின. கிடை நிலைப்படுத்தியும் இவ்வூசலைத் தணிக்கின்றது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக் கின்டர்சிலியில் உருவாக்கப்பட்டு உதிரித் தொகுதியாக விற்கப்பட்ட ஆர்.ஏ.எஃப். 2000 தொடக்கத்தில் கிடை நிலைப்படுத்தி இல்லாமலே வந்தது. அதன் தேவை குறித்து ஜைரோபிளேன் ஆர்வலரிடையே நீண்ட விவாதம் நிகழ்ந்தது.

இன்னொரு பழக்கப் பிழை மிகக் குறைந்த வேகத்தில் நேர்வது. ஜைரோபிளேன் விமானத்தைப்போல் தூக்குவிசையை முற்றாக இழந்து விழுவதில்லை என்பது உண்மை. இதைக் கேட்டவர் குறைந்த வேகம் தீங்கற்றது என முடிவு செய்துவிடக்கூடும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, வேகம் குறையக் குறைய உயரத்தைக் காக்கத் தேவையான வலு கூடிக்கொண்டே செல்லும். முழு வலுவும் போதாத நிலையில் ஊர்தி மூக்கை நிமிர்த்தியவாறே கீழிறங்கும். கோலை இழுத்தால் இறக்கம் இன்னும் விரையும். மூக்கைத் தாழ்த்தி வேகம் பெறுவதே வழி. அதற்கு உயரம் வேண்டும். உயரம்–வேக வரைபடத்தில் நிழலிடப்பட்டுள்ள பகுதி, இயந்திரம் நின்றால் பாதுகாப்பாக இறங்கப் போதிய உயரமோ வேகமோ இல்லாத நிலைகளைக் குறிக்கின்றது.

தரையிலும் ஒரு கண்ணி உண்டு. சுழலி போதிய வேகம் பெறுமுன் ஊர்தியை விரைந்து ஓட்டினால், முன்செல்லும் அலகு கட்டுப்பாடின்றி மேலெழுந்து பின்செல்லும் அலகு வாலை அடிக்கும். முன்சுழற்றிக் கருவியால் சுழலியை முதலில் போதிய வேகத்துக்குக் கொண்டுவருவது இதனாலேயே.

வான்சட்டத்தில் ஜைரோபிளேனின் இடம்

கனடிய வான்பயண ஒழுங்குவிதிகளில் சில விதிகள் ஹெலிகாப்டரைத் தனியே பிரிக்கின்றன. வேறு சில விமானத்தைத் தனியே பிரிக்கின்றன. ஜைரோபிளேன் ஹெலிகாப்டரும் அன்று, விமானமும் அன்று. ஆகவே ஒவ்வொரு விதியிலும் அது எப்பக்கம் விழுகின்றது என்பதைச் சொல்லுக்குச் சொல் படித்தே அறியவேண்டும்.

கட்டுப்பாடற்ற வான்பரப்பில் தரைக்கு மேல் 1000 அடிக்குக் கீழே பகலில் பறக்கும்போது, ஹெலிகாப்டர் அல்லாத வானூர்திக்கு 2 மைல் பார்வைத்தொலைவு வேண்டும். ஹெலிகாப்டருக்கு 1 மைல் போதும். சுழலி இருப்பதால் சலுகை உண்டு என எண்ணி 1 மைல் என விடையளிப்பது பிழை. எரிபொருள் விதியும் இவ்வாறே: பகலில் கண்பார்வை விதிகளின்படி பறக்கும் ஹெலிகாப்டர் 20 நிமிடத்துக்கான மிகை எரிபொருள் வைத்திருந்தால் போதும், ஜைரோபிளேனுக்கு 30 நிமிடம் தேவை. குடியிருப்புப் பகுதிகளுக்கு மேலான தாழ்ந்த உயர விதியில் நிலைமை மாறுகின்றது. அங்கு விமானம் தன்னைச் சுற்றி 2000 அடி கிடைத்தொலைவுக்குள் உள்ள மிக உயர்ந்த தடையைவிட 1000 அடி மேலே பறக்கவேண்டும். விமானமும் பலூனும் அல்லாதவற்றுக்கு அதே 1000 அடி. ஆனால் கணக்கில் கொள்ளும் கிடைத்தொலைவு 500 அடி மட்டுமே. இங்கு ஜைரோபிளேன் ஹெலிகாப்டரோடு சேர்ந்துகொள்கின்றது.

அமெரிக்கக் கூட்டு நாடுகளின் வான்பயண நிருவாகம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட சுழலிறகு வானூர்திக் கையேட்டில் ஜைரோபிளேனுக்கெனத் தனிப் பகுதி இருப்பதால் கனடிய மாணவரும் அதைப் படிப்பதுண்டு. சுழலிக் கோட்பாட்டுக்கு அது ஏற்ற நூல். அந்நாட்டு விதிகளையும் அதனுடன் சேர்த்து மனப்பாடம் செய்வது தீங்காகும். எடுத்துக்காட்டாக, மது அருந்தியபின் பறப்பதற்கு அங்கு 8 மணி நேர இடைவெளி போதும். கனடாவில் 12 மணி நேரம். கனடாவின் பழைய பாடநூற்படிகளிலும் 8 மணி என்றே இருக்கும். சட்டப் பகுதிக்கு டிரான்ஸ்போர்ட் கனடாவின் வான்பயணத் தகவற் கையேட்டின் நடப்புப் பதிப்பையே நம்பவேண்டும். பொதுப் பாடங்களுக்குக் கனடாவில் நெடுங்காலமாகப் பயன்படும் நூல் ஃபிரம் த கிரவுண்ட் அப்.

கணக்குகள்

வழிகாண்முறையில் காற்றின் விளைவைக் கணிப்பது முதன்மையானது. மெதுவாகப் பறக்கும் ஊர்தியைக் காற்று மிகுதியாகப் பாதிக்கும். 60 நாட் வேகத்தில் பறக்கும் ஜைரோபிளேன் 60 கடல்மைல் தொலைவுள்ள ஊருக்குச் சென்று திரும்புவதாகக் கொள்க. காற்றில்லாத நாளில் 2 மணி நேரம் ஆகும். 20 நாட் காற்று போகும்போது எதிராகவும் வரும்போது சாதகமாகவும் வீசினால், போக 1 மணி 30 நிமிடம், வர 45 நிமிடம். மொத்தம் 2 மணி 15 நிமிடம். இழந்ததைத் திரும்பும்போது ஈடுகட்டலாம் என்னும் எண்ணம் தவறு. எரிபொருட் கணக்கில் இந்த 15 நிமிடம் மிகை எரிபொருளில் பாதியை விழுங்கிவிடும்.

அடர்த்தி உயரக் கணக்கும் பயின்றுகொள்ளவேண்டியது. அழுத்த உயரம் 3000 அடி எனில் அங்குச் செந்தர வெப்பநிலை 9 பாகை செல்சியசு. கோடைக்காலப் பிற்பகலில் 29 பாகை இருந்தால் வேறுபாடு 20 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 120 அடி வீதம் 2400 அடி கூட்ட, அடர்த்தி உயரம் 5400 அடி ஆகின்றது. இயந்திரமும் புரோப்பெல்லரும் வலுவிழக்கும் அந்நிலையில், முன்னர்க் கூறிய குறைவேக இறக்கத்திலிருந்து மீள எஞ்சியிருக்கும் வலு குறைவு.

வானிலையியலில் மீட்டார், டாஃப் எனப்படும் குறியீட்டு அறிக்கைகளைப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். கார்புரேட்டரில் பனி உறைதல் குளிர்காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஈரப்பதம் மிகுந்த மிதமான நாளிலும் அது நிகழும்.

தேர்ச்சியும் மறுதேர்வும்

முதன்முறை தோல்வியுற்றவர் மீண்டும் எழுத 14 நாட்கள் காத்திருக்கவேண்டும். இரண்டாம் முறை தோல்வியுற்றால் 30 நாட்கள். அதன்பின் ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பு நீளும். மதிப்பெண்ணுடன் எவ்வெத் தலைப்புகளில் விடை பிழைத்தது என்னும் குறிப்பும் தரப்படுகின்றது; பயிற்றாசிரியர் அதைக்கொண்டே மறுபாடம் நடத்துவார். எழுத்துத் தேர்வில் பெற்ற தேர்ச்சி 24 மாதங்களுக்குச் செல்லும். அதற்குள் பறப்புப் பயிற்சியையும் முடித்து அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்காவிடில் தேர்வை மீண்டும் எழுதவேண்டும்.