காப்பி : பெயரும் வினையும்

முன்னுரை

ஒரு நாட்டார் பிற நாட்டாரிடமிருந்து ஒரு பொருளைப் பெறுங்கால் அதன் பெயரையும் உடன் பெறுதல் மொழி வரலாற்றில் யாண்டும் காணப்படும் நிகழ்ச்சியாகும். அலமாரி, சாவி, மேசை என்னும் சொற்கள் போர்த்துக்கீசியரோடு நம் மொழியுட் புகுந்தமை யாவரும் அறிந்ததே. இத்தகைய சொற்களைத் தொகுத்து, எவ்வெம்மொழியிலிருந்து வந்தன எனக் காட்டுவதோடு ஆராய்ச்சி பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. பொருளைப் பெற்ற மக்கள் அதனை எவ்வாறு கையாண்டனர், தமக்கேற்ப எவ்வாறு திருத்திக் கொண்டனர் என்னும் வினாக்களுக்குப் பெயர்ச்சொல் விடை கூறுவதில்லை. அப்பெயரோடு சேர்ந்து நடக்கும் வினைச்சொல்லே விடை கூறும். இக்கருத்தினைக் காப்பி என்னும் பருகுபொருளின் வாயிலாக விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பி, டிகாக்ஷன், பில்டர், சிக்கரி, டம்ளர் ஆகிய ஐந்து பெயர்களும் பிறமொழியின. வறுத்தல், அரைத்தல், போடுதல், இறங்குதல், கலத்தல், ஆற்றுதல் ஆகிய ஆறு வினைகளும் தமிழ். இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. வந்தது இன்னதெனப் பெயர் காட்டுகிறது. வந்ததை வைத்து நாம் செய்தது இன்னதென வினை காட்டுகிறது.

பெயர் வந்த வழி

காப்பிச்செடி எத்தியோப்பிய நாட்டின் தென்மேற்கு மலைக்காடுகளுக்கு உரியது. அதனைப் பருகும் வழக்கம் 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டில் வேரூன்றியது. சூஃபி ஞானியர் இரவு வழிபாட்டில் உறக்கத்தை விலக்கும் பொருட்டு இதனைப் பருகினர் என்னும் செய்தியை, 1558-ஆம் ஆண்டளவில் அப்துல் காதிர் அல் ஜசீரீ இயற்றிய அரபு நூல் தருகிறது. 1511-இல் மெக்காவில் இதற்குத் தடை விதிக்கப்பட்டதும், அத்தடை நெடுநாள் நில்லாது ஒழிந்ததும் வரலாறு.

'கஹ்வா' என்னும் அரபுச் சொல் முன்னாளில் மதுவைக் குறித்தது; பின்னரே இப்பருகுபொருளுக்கு ஆயிற்று. வித்தினை அரபியர் 'புன்' எனத் தனிச்சொல்லால் வழங்கினர். எனவே கஹ்வா என்பது வித்தின் பெயராக எழாமல் பருகும் நீரின் பெயராகவே எழுந்தது எனலாம். வித்தினை வறுத்து இடித்துக் காய்ச்சியதும் கஹ்வா எனப்பட்டது. பழத்தின் உலர்ந்த தோலைக் காய்ச்சியதும் கஹ்வா எனப்பட்டது. தோலைக் காய்ச்சும் முறை ஏமனில் இன்றும் 'கிஷ்ர்' என்னும் பெயரால் வழங்குகிறது. அதனுள் இஞ்சி சேர்த்தலும் உண்டு.

இச்செய்தி நம் நாட்டு வழக்கொன்றை விளக்கத் துணை புரிகிறது. சுக்கு, மல்லி, கருப்பட்டி ஆகியவற்றைக் கொதிக்க வைத்து இறக்கியதைச் 'சுக்குக் காப்பி' என்கிறோம். அதனுள் காப்பி வித்து ஒன்றேனும் இல்லாதிருத்தலும் உண்டு. வித்தின் பெயரையே காப்பி எனக் கொள்வோர் இதனைப் பிழை வழக்கு என்பர். சூடாகக் காய்ச்சிப் பருகும் நீர் என்னும் பொதுப்பொருளைக் காப்பி என்னும் சொல் தமிழில் ஏற்றுக்கொண்டமையாலேயே இவ்வழக்குத் தோன்றிற்று. அரபு நாட்டில் அச்சொல்லுக்கு இருந்த நெகிழ்ச்சி, அங்கிருந்து கற்காமலே, தமிழ்நாட்டு அடுக்களையில் மீண்டும் தோன்றியமை வியப்பிற்குரியது.

துருக்கியர் 'கஹ்வே' என்றும், இத்தாலியர் 'காஃபே' என்றும், ஒல்லாந்தர் 'கோஃபி' என்றும் இச்சொல்லைத் திரித்து வழங்கினர். தமிழகத்தார் 'காப்பி' என்கின்றனர்; இலங்கைத் தமிழர் 'கோப்பி' என்கின்றனர். மலாய் மொழியிலும் 'கோப்பி' என்பதே வழக்கு. இலங்கைக் கடற்கரைப் பகுதிகளும் சாவகமும் ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையை நோக்க, ஓகார வடிவம் அவர்தம் சொல்லோடு தொடர்புடையது எனக் கருத இடமுண்டு. ஒரே மொழியில் ஒரு பொருளுக்கு இரு வடிவங்கள் நிலைத்தமைக்கு இருவேறு கடல்வழித் தொடர்புகள் காரணமாகலாம்.

'கோப்பி' என்னும் வடிவத்தோடு ஒரு துயர வரலாறும் இணைந்துள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகியபொழுது மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளிலிருந்து உழைப்பாளர் கடல் கடந்து, காட்டுவழி நடந்து அங்குச் சென்றனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869-இல் இலைத்துரு நோய் அத்தோட்டங்களிற் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. மலையக நாட்டார் பாடல்களில் கோப்பிப் பழம் பறித்தல் இன்றும் பேசப்படுகிறது. செடி மறைந்த பின்னரும் அதனைப் பறித்த கையின் வினை பாட்டில் நின்றுவிட்டது.

வடிக்கும் முறைகள்

உலகில் காப்பி இறக்கும் முறைகள் பலவாயினும் அவற்றை மூன்றாகத் தொகுத்து நோக்கலாம். முதலாவது, மாவு போல் நுண்ணிதாக அரைத்த பொடியை நீரோடு சேர்த்துக் காய்ச்சி, வடிகட்டாமல் மண்டியைப் படியவிட்டுப் பருகுதல். துருக்கியர் முறை இது. இரண்டாவது, பொடியின்மேல் வெந்நீர் ஊற்றி அது தன் எடையாலேயே கசிந்து இறங்கச் செய்தல். செருமனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் அம்மையார் 1908-இல் வடிதாளைக் கொண்டு இம்முறையை எளிதாக்கினார். மூன்றாவது, வெந்நீரை அழுத்தத்தோடு பொடியினூடே செலுத்துதல். இத்தாலியில் லூயிஜி பெட்சேரா என்பார் 1901-இல் இதற்குரிய இயந்திரம் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தத்தை வளிமண்டலத்தைப்போல் ஒன்பது மடங்களவு மிகுத்து, ஏறத்தாழ 30 நொடியில் நுரையோடு இறக்கும் முறை இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்ப் பரவியது. இதன் பெயராகிய 'எஸ்பிரசோ' என்பது இத்தாலிய மொழியில் பிழிதல், அழுத்தி வெளிப்படுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. இத்தாலியர் தம் காப்பிக்கு வினையாற் பெயரிட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் முதலிரு முறைகளும் உள. தென்மாவட்டங்களில் நீரில் கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, காப்பிப்பொடியை இட்டு இறக்கி, தெளிந்தபின் வடித்துப் பருகுவர். பால் சேராத இதற்குக் கடுங்காப்பி, வரக்காப்பி என்னும் பெயர்களும் உள. இரண்டாவது, பில்டர் எனப்படும் ஈரடுக்குக் கலத்தின் வாயிலாக வடித்தல். மேலடுக்கின் அடித்தட்டில் நுண்துளைகள் இருக்கும். அதனுட் பொடியை இட்டு, காம்புடைய தட்டொன்றால் மெல்ல அமுக்கி, கொதித்து அடங்கிய நீரை ஊற்றி மூடிவைத்தால், சாறு சொட்டுச் சொட்டாகக் கீழடுக்கில் இறங்கும்.

இச்சாற்றுக்கு வழங்கும் 'டிகாக்ஷன்' என்னும் பெயர் ஆராய்தற்குரியது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கொதிக்கவைத்துச் சுண்டச்செய்த நீர், அஃதாவது நம் மருத்துவ நூலார் கூறும் கஷாயம், என்பது பொருள். பில்டரில் பொடி கொதிப்பதே இல்லை. பெயருக்கும் செயலுக்கும் இவ்வாறு பொருத்தமின்மை நேர்ந்தது எங்ஙனம்? பொடியைக் கொதிக்கவைத்து வடித்த காலத்தில் அமைந்த பெயர், பில்டர் வந்த பின்னரும் மாறாது நின்றது எனக் கொள்வதே பொருத்தமாகும். முறை மாறியும் பெயர் மாறவில்லை. ஆயின் வினை மாறிவிட்டது. 'டிகாக்ஷன் கொதித்ததா?' என இல்லத்தார் வினவுவதில்லை; 'டிகாக்ஷன் இறங்கிற்றா?' என்றே வினவுகின்றனர். பெயர் பழைய முறைக்குச் சான்று. வினை புதிய முறைக்குச் சான்று.

கலத்தலும் ஆற்றுதலும்

கருப்பட்டிக் காப்பியைக் 'காய்ச்சுதல்' என்னும் வினையாற் கூறுதல் இயல்பு. பில்டர் காப்பிக்குக் 'கலத்தல்' என்னும் வினை உரியதாயிற்று. 'காப்பி கலந்து கொண்டு வா' என்னும் தொடர், சாறு வேறாகவும் பால் வேறாகவும் ஆயத்தமாய் இருந்து, பருகும் வேளையில் ஒன்றுசேரும் முறையிலேயே பிறக்க இயலும். 'போடுதல்' என்பதோ இரு முறைக்கும் பொதுவினை. கோலம் போடுதல், கணக்குப் போடுதல் என்பவற்றிற்போல ஆக்குதற் பொருளில் வந்தது. ஆகவே ஓர் ஊரில் காய்ச்சுகின்றனரா, கலக்கின்றனரா என வினவி அறியின், அங்கு வழங்கும் முறையைக் கலத்தைக் காணாமலே உய்த்துணரலாம்.

கலந்த காப்பியை டம்ளரிலிருந்து டபராவிற்கும், டபராவிலிருந்து டம்ளருக்கும் உயர்த்தி ஊற்றுதல் ஆற்றுதல் எனப்படும். சூடு தணிதல், சருக்கரை கரைதல், நுரை எழுதல் ஆகிய மூன்றும் இவ்வொரு செயலால் நிகழ்கின்றன. நல்ல பாலில் திண்ணிதாகக் கலந்த காப்பியைக் 'கள்ளிச்சொட்டுப் போல' என்று தஞ்சைப் பகுதியினர் பாராட்டுவர். அயல்நாட்டுப் பொருளின் சுவையைச் சொல்ல நம் வேலியோரக் கள்ளியின் பாலே உவமை ஆயிற்று.

சிக்கரி ஒருவகைக் கிழங்குவேர். நெப்போலியன் 1806-இல் ஆங்கில வாணிகத்தைத் தடுத்தபொழுது காப்பி கிடைத்தற்கரிதாகவே, பிரெஞ்சு நாட்டில் இதன் பயன் பெருகியது. அங்குப் பஞ்சத்திற்கு உதவியது, இங்கு நிறத்திற்கும் திட்பத்திற்கும் விரும்பிச் சேர்க்கப்படுகிறது. கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறைதல் ஆகாது என்பது இந்திய உணவு விதி. இக்கலவையை ஏமாற்று எனப் பழிப்போரும் உளர். விற்போர் மறைத்துச் சேர்ப்பின் அது குற்றமே; அறிந்து விரும்பிச் சேர்ப்பதனைச் சுவைவேறுபாடு எனக் கொள்வதே முறை.

வினை காட்டும் பிறிதொரு வரலாறு

இதுகாறும் கூறியவை நம்மவர் திறனைப் புலப்படுத்துவன. வினைச்சொற்கள் நம் குறையையும் மறையாது காட்டுகின்றன. இதழில் கலம் படாமல் பருகுதலைத் 'தூக்கிக் குடித்தல்' என்றும், இதழ் பொருந்தப் பருகுதலை 'எச்சிற்படுத்திக் குடித்தல்' என்றும் வேறுபடுத்தினர். டம்ளரின் விளிம்பு வெளிப்புறம் மடிந்திருத்தல் தூக்கிக் குடித்தற்கு ஏற்றது. தீட்டு என்னும் எண்ணம் இவ்வினைகளில் உறைந்து கிடக்கிறது. முதல் முறை இறங்கிய சாறு வீட்டார்க்கும் விருந்தினர்க்கும், மீண்டும் நீர் ஊற்றி இறக்கிய சாறு வீட்டு வேலை செய்வார்க்கும் எனப் பகுத்த இல்லங்களும் உண்டு. ஒரே பொடியின் இரு வடிப்புகள் மக்களின் ஏற்றத்தாழ்வை அளக்கும் கோலாயின.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகர்தோறும் தோன்றிய காப்பிக் கிளப்புகளில் சாதியால் இடம் பிரித்தலும் நடைபெற்றது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது உணவகத்தில் எவரையும் தீண்டாமை கருதித் தடுத்தலைத் தண்டனைக்குரியதாக்கியது. உணவகப் பெயர்ப்பலகைகளில் சாதிப்பெயர் இருத்தலை எதிர்த்துப் பெரியார் ஈ. வெ. ரா. 1957-இல் சென்னையில் கிளர்ச்சி நடத்தினார். பலகைகள் மாறின. ஆயினும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை 21-ஆம் நூற்றாண்டிலும் ஆங்காங்கு நின்றமையைக் களஆய்வுகள் வெளிப்படுத்தின. காப்பி தமிழர் யாவர்க்கும் பொதுவான பருகுபொருள் எனப் பெருமையுடன் எழுதும் வரலாற்றாசிரியர், அது யார்க்கு எக்கலத்தில் வார்க்கப்பட்டது என்பதனையும் எழுதுதல் வேண்டும். இன்றேல் அவ்வரலாறு நிரம்பாது.

முடிவுரை

காப்பிக்குத் தமிழ்ப்பெயர் காணும் முயற்சியில் 'குளம்பி', 'கொட்டைவடிநீர்' முதலிய ஆக்கங்கள் எழுந்தன. அவற்றின் தகுதியை ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. பெயர் அயன்மொழியதாயினும், பொருள் வினையால் தமிழாயிற்று என்பதே நாம் நிறுவ விரும்பியது.

அவ்வினைகளும் இன்று நிலைகுலைந்து வருகின்றன. 1938-இல் சுவிட்சர்லாந்தில் வாணிகப் பொருளாக வெளிவந்த உடனடிக் காப்பிப்பொடி வடித்தலை வேண்டுவதில்லை. அதற்குக் 'கரைத்தல்' ஒன்றே வினை. கடைகளில் இயந்திரங்கள் அழுத்தி இறக்குகின்றன. தாள்குவளையில் ஆற்றுதற்கு இடமில்லை. பில்டர் இல்லாத இல்லத்தில் 'இறங்கிற்றா?' என்னும் வினாவும் இல்லை. கலம் மறையின் அதன் சொல்லும் மறையும். இச்சொற்களிற் பல அகராதியேறாது வாய்வழக்கிலேயே நிற்பன.

ஆதலின் வட்டார வழக்குகளைத் தொகுக்கும் மாணவர்கள் உழவுக்கும் நெசவுக்கும் உரிய சொற்களைத் தேடுவதுபோல, அடுக்களைச் சொற்களையும் தேடுதல் வேண்டும். பில்டரின் ஒவ்வோர் உறுப்பிற்கும் அவ்வூரார் இட்ட பெயர் யாது, காப்பியைக் காய்ச்சுகின்றனரா, போடுகின்றனரா, கலக்கின்றனரா என வினவிக் குறித்தல் வேண்டும். முதல் வடிப்பு யார்க்கு, இரண்டாம் வடிப்பு யார்க்கு என்பதனையும் தயங்காது வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை கூறவல்லார் கலந்து கொடுத்தவரும் உளர். இரண்டாம் வடிப்பைப் பருகியவரும் உளர். இருவர் கூற்றும் ஒருங்கே பதிவுபெறுதல் இன்றியமையாதது.