க்யூவில் தொடங்கும் துரோகி

ஆங்கில அகராதியில் க்யூ எழுத்துக்குக் கிடைத்திருக்கும் பக்கங்கள் சொற்பம். அந்த எழுத்தே ஒரு வகையில் அங்கு வந்தேறிதான். பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் 'குயீன்' என்ற சொல்லைக்கூட க்யூ இல்லாமல்தான் எழுதினார்கள். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பயின்ற எழுத்தர்கள்தான் அதற்குக் க்யூவைச் சூட்டினார்கள். க்யூ வரிசையின் ஏனைய சொற்களில் பெரும்பாலானவை லத்தீனிலும் பிரெஞ்சிலும் இருந்து வந்தவை. நோர்வேயிலிருந்து வந்த சொல் ஒன்றும் அந்த வரிசையில் இருக்கிறது: குவிஸ்லிங். படையெடுத்து வந்த எதிரியோடு சேர்ந்துகொண்டு சொந்த நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் என்று பொருள். இன்று அதைச் சிறிய எழுத்தில் தொடங்கி அச்சிடுகிறார்கள். முன்பு அது ஒரு குடும்பத்தின் பெயர்.

விட்குன் குவிஸ்லிங் 1887இல் தெலெமார்க் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இராணுவக் கல்லூரியில் மிகச் சிறந்த மாணவர். 1922இல் உக்ரேனில் பஞ்சம் வந்தபோது, ஃப்ரித்யோஃப் நான்சனின் நிவாரணப் பணியில் சேர்ந்து கார்கீவில் வேலை செய்தவர். மொஸ்கோவில் தங்கள் நலன்களைக் கவனித்துக்கொண்டதற்காகப் பிரித்தானியர் அவருக்கு ஒரு பட்டம்கூடக் கொடுத்தார்கள்; 1940இல் திருப்பிப் பறித்தார்கள். இந்த முற்பகுதியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. துரோகி பிறக்கும்போதே துரோகியாக இருந்திருக்கவேண்டும் என்றுதான் எல்லாரும் விரும்புகிறோம்.

1933இல் அவர் தொடங்கிய கட்சி நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனத்தையும் வென்றதில்லை. 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மன் படைகள் இறங்கின. மன்னரும் அரசும் ஒஸ்லோவை விட்டு வெளியேறினார்கள். அன்று மாலை வானொலி நிலையத்துக்குப் போன குவிஸ்லிங், தானே பிரதமர் என்று அறிவித்தார். எதிர்ப்பை நிறுத்தும்படி உத்தரவிட்டார். அவரைப் பிரதமராக நியமிப்பதைவிட முடி துறப்பேன் என்றார் மன்னர் ஏழாம் ஹோகோன். ஒரு வாரம் முடிவதற்குள் ஜேர்மனியரே அவரை ஒதுக்கிவிட்டார்கள்.

ஆட்சி போனது, சொல் நின்றது. ஏப்ரல் 19ஆம் திகதி லண்டன் டைம்ஸ் நாளிதழ் இந்தப் பெயரைப் பற்றியே ஒரு தலையங்கம் எழுதியது. துரோகிக்குப் புதுச் சொல் தேடும் எழுத்தாளனுக்கு இது தெய்வம் தந்த கொடை என்று மகிழ்ந்தது. அரசியை மட்டும் விலக்கிவிட்டால், க்யூ என்பது ஆங்கிலேயர் மனதில் கோணலான, நம்பத்தகாத எழுத்து என்பது அதன் வாதம். சண்டை, நடுக்கம், புதைமணல், குமட்டல், போலி வைத்தியம் என்று ஆங்கிலத்தில் க்யூவில் தொடங்கும் சொற்களை அடுக்கி, டிக்கின்ஸின் கதைமாந்தன் குவில்ப்பையும் சேர்த்துக்கொண்டது. வேடிக்கையான எழுத்துத்தான். ஆனால் ஒருவரின் குற்றத்துக்கு அவர் பெயரின் ஓசையைச் சாட்சிக்கு அழைப்பது எனக்கு உவப்பாக இல்லை. அவருடைய குற்றத்துக்கு அந்த உதவி தேவைப்படவுமில்லை. 1941 ஜூனில் சேர்ச்சில் தன் உரையில் அந்தச் சொல்லைப் பன்மையில் பயன்படுத்தினார். குவிஸ்லிங் ஜேர்மனியரின் கீழ் மீண்டும் அரசுத் தலைவரானது 1942 பெப்ரவரியில். மனிதரைச் சொல் முந்திவிட்டது.

நமக்கு இது புதிதல்ல. எட்டப்பன், காக்கை வன்னியன் என்று பெயர்களை வசவாக்கும் கலை நம்மிடம் நெடுநாளாக உண்டு. எண்பதுகளில் நமது மண்ணில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் துரோகி என்று எழுதிய அட்டை தொங்கியது. குற்றப்பத்திரிகையும் தீர்ப்பும் அந்த ஒரு சொல்தான். குவிஸ்லிங்குக்கு 1945இல் வழக்கு நடந்தது, சாட்சிகள் பேசினார்கள், மேன்முறையீடும் இருந்தது. அதன் பிறகே ஒக்டோபர் 24ஆம் திகதி ஆகெர்ஷூஸ் கோட்டையில் சுட்டார்கள். மரணதண்டனையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடமுடியாது.

நோர்வேயின் கணக்கும் அதோடு தீரவில்லை. போருக்குப் பின் 90,000க்கு மேற்பட்ட துரோக வழக்குகள் விசாரிக்கப்பட்டன. குவிஸ்லிங் உட்பட 25 நோர்வேஜியர் கொல்லப்பட்டனர். ஜேர்மன் சிப்பாய்களுடன் பழகிய பெண்களுக்குத் தெருவில் தலையை மழித்தார்கள், பலரை முகாம்களில் அடைத்தார்கள். அந்தப் பெண்களிடம் அரசு மன்னிப்புக் கேட்டது 2018இல்.

இன்னொரு மன்னிப்பு 2012இல் வந்தது. 1942 நவம்பர் 26ஆம் திகதி, 500க்கு மேற்பட்ட யூதர்களை ஏற்றிக்கொண்டு டோனவ் என்ற கப்பல் ஒஸ்லோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அவர்களை வீடுவீடாகப் போய்ப் பிடித்தது நோர்வேப் பொலிஸ். கொண்டுபோய்ச் சேர்க்க வாடகைக் கார்களும் ஓடின. அந்தப் பொலிஸ்காரர்களையும் சாரதிகளையும் யாரும் குவிஸ்லிங் என்று அழைக்கவில்லை. ஒரே பெயருக்குள் எல்லாத் துரோகத்தையும் போட்டு மூடிவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். கைது செய்தவர்கள் நோர்வேஜியர்களே என்று பிரதமர் ஸ்டோல்டன்பெர்க் வெளிப்படையாகச் சொல்ல எழுபது ஆண்டுகள் ஆயின.

குவிஸ்லிங் குடியிருந்த மாளிகை ஒஸ்லோவின் பிக்டோய் தீபகற்பத்தில் இருக்கிறது. நோர்டிக் புராணத்தில் வரும் ஒரு மண்டபத்தின் பெயரை எடுத்து, அதற்குக் கிம்லே என்று பெயரிட்டிருந்தார் அவர். 2006 முதல் அங்கே யூதப் படுகொலையையும் சிறுபான்மையினரையும் பற்றிய ஆய்வு நிலையமும் கண்காட்சியும் நடக்கின்றன. நகரத்திலிருந்து பேருந்தில் போய்வரலாம்.