செக்ரோலில் இல்லாத பிள்ளை

பசறையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மனிதனை அளந்த கோல் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது: அவன் உடல் எத்தனை நாள் வேலைக்கு உதவும்? செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி. விழாவிட்டால் அவன் லயத்துக்குப் பாரம். அதற்கும் முன்னே, கோப்பிக் காலத்தில், மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாக மலையேறிய நம் முன்னோருள் நோயுற்று நடக்கமாட்டாதவர்கள் பாதையோரத்திலேயே கைவிடப்பட்டனர். மலையகத்தின் வரலாறே அந்த வடபாதையில்தான் தொடங்குகிறது.

துரைமாரின் இந்த அளவுகோல் லயத்துக்குள்ளும் குடியேறியது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நொண்டி’, ‘செவிடன்’, ‘ஊமையன்’ என்று பிள்ளைகள் பட்டப்பெயர் சூட்டிச் சிரிக்கும்போது அவர்கள் இயல்பிலேயே கொடியவர்கள் என்று எண்ணலாகாது. உழைக்க இயலாதவனுக்கு மதிப்பில்லை என்ற பாடத்தை அவர்கள் நம்மிடமிருந்தே கற்றார்கள்.

தோட்டப் பாடசாலையின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். தொழிலாளரின் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைமாரிடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை மேலும் வற்புறுத்தியது. எனினும் பல தோட்டங்களில் கிடைத்தது ஓர் அறை, ஓர் ஆசிரியர், அவ்வளவே. கொழுந்து பறிக்கப் போகும் கைக்கு எழுத்து எதற்கு என்பதே முதலாளியின் கேள்வி. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கோ 1970கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செவிப்புலனோ கட்பார்வையோ இல்லாத பிள்ளைகளுக்காக 1912இல் மேரி சாப்மன் அம்மையார் ஒரு பாடசாலை தொடங்கினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நஃபீல்ட் பாடசாலை எழுந்தது. அருந்தொண்டுகளே இவை. ஆனால் ஊவாத் தோட்டத்துத் தாய்க்குக் கைதடி தீவின் மறுகோடி. அவள் பிள்ளை வீட்டிலேயே இருந்தது. அடுத்த லயத்துப் பிள்ளைகள் அதனை அறியாமலே வளர்ந்தனர்.

1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயிலும் பொதுப் பாடசாலையே பாகுபாட்டை ஒழிக்கும் சிறந்த வழி என்று அறிவித்தனர். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் அநுமதி மறுக்கலாகாது என்றது. சட்டம் வாசற்கதவைத் திறக்கும். வகுப்பின் மனக்கதவை ஆசிரியர்தாம் திறக்க வேண்டும்.

அதற்கு உபதேசம் போதாது. சிறிது நேரம் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்லும் விளையாட்டும் போதாது. அதில் பிள்ளை அறிவது இருட்டின் அச்சத்தை மட்டுமே, பார்வையற்றவரின் ஆற்றலை அன்று. ஆறு புள்ளிகளாலான பிரெயில் எழுத்தை வகுப்பு முழுவதும் கற்கட்டும். காது கேளாத தோழனோடு பேசச் சைகை மொழியைக் கற்கட்டும். படிக்கட்டில் ஏறமாட்டாத மாணவிக்காக வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவோம்; ஏன் மாற்றினோம் என்று எல்லோருக்கும் விளக்குவோம். உதவுமுன் அவளிடம் கேட்கவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்போம்.

இரக்கம் மேலிருந்து கீழே குனிவது. நாம் வேண்டுவது தோழமை. ‘இவர்களுக்குப் படிப்பு எதற்கு?’ என்று நம்மைப் பார்த்துக் கேட்டவர்களை வரலாறு மன்னிக்கவில்லை. இன்று அதே கேள்வியை, வீட்டுக்குள் ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளையைச் சுட்டி நாம் கேட்போமாயின், துரையின் செக்ரோலை நாமே கையில் எடுத்தவர்களாவோம். அடுத்த தவணை தொடங்குமுன் ஆசிரியத் தோழர்கள் லயங்களுக்குச் செல்லட்டும். வகுப்புப் பதிவேட்டில் இன்னும் ஏறாத பேர் எதுவென்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.