மஞ்சளும் எண்ணெயும், ஒரு மூலப் பத்திரமும்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினேன். (ஆழமான காயம் என்றால் டாக்டர்தான், அதில் சமரசம் இல்லை.) பக்கத்து வீட்டு திதி எட்டிப் பார்த்து, "நாங்கள் துலுக்கச் சாமந்தி இலையைக் கசக்கிப் பிழிவோமே" என்றார். மகள் கேட்டாள்: "இதெல்லாம் எங்கப்பா எழுதியிருக்கு?"

சிரித்துவிட்டேன். ஆனால் இதே கேள்வியை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமும் ஒருமுறை கேட்டது.

1995 மார்ச்சில், காயம் ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கு அங்கே காப்புரிமை கொடுத்தார்கள். எண் 5,401,504. வாங்கியது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டுபிடித்தவர்கள் என்று பெயர் போட்டிருந்த இருவருமே இந்திய வம்சாவளியினர். நம்மைப் போல ஊரை விட்டுப் போனவர்கள்தான்!

1996-ல் நம் நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் எதிர்த்து மனு போட்டது. "எங்கள் பாட்டி தடவுவாள்" என்றால் செல்லாது. வெளிநாட்டில் வாய்வழியாக வந்த பழக்கம் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் கணக்கில் வராது, அச்சில் இருக்க வேண்டும். வங்கியில் தினமும் பார்ப்பதுதானே! "மூன்று தலைமுறையா அனுபவிக்கிற நிலம் சார்" என்பார்கள். "சரி, மூலப் பத்திரம் இருக்கா?" என்போம்.

தேடித் தேடி 32 சான்றுகள் சேர்த்தார்கள். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களெல்லாம் அதில் உண்டு. ஒன்று, இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-ல் வந்த கட்டுரை. அந்த இதழ் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஹவுராவுக்கு எதிர்க்கரையில், கொல்கத்தாவிலிருந்து! 1997-ல் காப்புரிமை ரத்தானது.

பிறகு 2001-ல் பாரம்பரிய அறிவு மின் நூலகத்தைத் தொடங்கினார்கள். நம் சித்த மருத்துவ நூல்களில் உள்ள மருந்து முறைகளும் ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானிய மொழிகளில் அதில் ஏறின. இனி யாரும் சுலபமாகச் சொந்தம் கொண்டாட முடியாது.

ஆனால் நூலில் ஏறாதது? சிராய்ப்புக்கென்று அம்மா ஒரு பச்சை எண்ணெய் காய்ச்சுவாள். வேப்பிலை போடுவாள், குப்பைமேனி போடுவாள். மூன்றாவதாக ஒரு இலை உண்டு. அது என்ன இலை என்று நான் கேட்டு வைக்கவில்லை. இனி கேட்க அம்மா இல்லை. லோன் பேப்பரில் ஒரு கையெழுத்து விட்டுப் போனாலும் திருப்பி அனுப்புகிற ஆள் நான்.

மகளின் நோட்டில் இரண்டு இலைகளை எழுதிவிட்டேன். மூன்றாவது வரி காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டில் கேட்க ஆள் இருந்தால் இன்றைக்கே ஊருக்கு போன் போடுங்கள்.